மினி டிராக்டரில் லிப்ட் பக்கம் ஆயில் கசிவு: சீல் வாரண்டியில் வராது என்கிறார்கள்

கோபி வாழைக்காடு:
வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் காடு. வாழை, மஞ்சள், வரப்போரம் தென்னை. வாழை வரிசைக்குள் போய் வரவேண்டும் என்பதற்காகப் போன வருடம் 24 எச்பி மினி டிராக்டர் புதிதாக வாங்கினோம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மீட்டரில் 400 மணி நேரம் தாண்டியிருக்கிறது. வாரண்டி இரண்டு வருடம், இன்னும் முடியவில்லை. சர்வீஸ் எல்லாம் வாங்கிய ஷோரூமிலேயே நேரத்துக்குச் செய்திருக்கிறோம்.

பின்னால் கருவியைத் தூக்குகிற லிப்டின் வலது கை ஓரத்தில் ஆயில் கசிகிறது. முதலில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருந்தது. அப்புறம் ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். ஷோரூமில் சொன்னோம், ஆயில் வெளியே வராமல் தடுக்கிற சீலை மாற்றிக் கொடுத்தார்கள். சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் கசிவு. இந்த முறை ‘சீல், ஓ-ரிங் எல்லாம் ரப்பர் பொருள், வாரண்டியில் வராது’ என்று பில் போட்டார்கள். பணம் கட்டி மாற்றினோம். இப்போது மூன்றாவது தடவையாக ஒழுகுகிறது. ‘ரோட்டவேட்டர் வெயிட் அதிகம், பிரஷரில் சீல் பிய்கிறது’ என்கிறார்கள். மண்ணைக் கிளறுகிற இந்த ரோட்டவேட்டர் அவர்களே இந்த வண்டிக்கு என்று கொடுத்ததுதான்.

அடுத்து என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சித்தோடு பட்டறை:
தம்பி, கை ஓரத்தில் ஆயில் நிற்பதால் கை சீல்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மேலே ஒரு பைப் மூட்டில் கசிந்து, கவர் மீது ஓடி, கையில் வந்து சொட்டுகிற வண்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். சொட்டுகிற இடத்தை விடுங்கள், நனைய ஆரம்பிக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

வழி சுலபம். லிப்டை முழுக்க இறக்கி இன்ஜினை நிறுத்துங்கள். கவர், கை, வால்வு, பைப் மூட்டு எல்லாவற்றையும் டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் முகத்துக்குப் போடுகிற பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். ஸ்டார்ட் பண்ணி, லிப்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். பிறகு ரோட்டவேட்டரை மாட்டி ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைசியாக அரை நாள் உழுது, ஆயில் சூடேறிய பிறகு பாருங்கள். எந்தக் கட்டத்தில், எந்த இடத்தில் பவுடர் முதலில் நனைகிறதோ அதைப் படம் எடுத்து வையுங்கள். லிப்ட் ஏறும்போது மட்டும் நனைந்தால் பிரஷர் பைப், அந்தப் பைப்பை இணைக்கிற பாஞ்சோ போல்ட், வால்வு பக்கம் தேட வேண்டும். சும்மா ஓடும்போதே நனைந்தால் சீல், கவருக்கு அடியில் வைக்கிற கேஸ்கட், ஆயில் லெவல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதில் எதையும் கழற்றவில்லை என்பதால் வாரண்டிக்குப் பாதகம் இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வண்டி ஓடும்போது கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். பம்ப் பிரஷர் 150 பாருக்கு மேல் போகும். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வருகிற ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தின அடையாளம்தான் இருக்கும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலை எடுக்கும் நிலைமை வரும். சந்தேகம் இருந்தால் ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அப்படி யாருக்காவது குத்திவிட்டால் மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போய், பிரஷர் ஆயில் உள்ளே போய்விட்டது என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த ‘பிரஷரில் சீல் பிய்கிறது’ என்ற பேச்சு. இரண்டு கையையும் தாங்குகிற குறுக்கு ஷாஃப்டின் சீலுக்குப் பெரும்பாலான வண்டிகளில் பம்ப் பிரஷர் வருவதே இல்லை. சிலிண்டர் கவருக்கு உள்ளே இருக்கிறது. சீல் தடுப்பது பெட்டிக்குள் தெறிக்கிற ஆயிலை மட்டும்தான். உங்கள் வண்டியும் அந்த அமைப்பாக இருந்தால் அந்தக் காரணம் நிற்காது.

ஒட்டன்சத்திரம் தோட்டம்:
நல்ல தகவல் அண்ணா. எங்கள் வண்டியில் டிப்பர் டிரெய்லரின் ஆயில் பைப்பை மாட்டுகிற கப்ளிங்கில் கசிவு இருந்தது. அதற்கும் ‘லிப்ட் சீல்’ என்றுதான் முதலில் சொன்னார்கள். கப்ளிங் மூடியைத் தொலைத்துவிட்டு மண்ணோடு மாட்டினால் உள்ளே இருக்கிற சின்ன ஓ-ரிங் கீறிவிடுகிறது. இப்போது ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் மாட்டுகிறோம், கசிவு இல்லை. கோபி தம்பி, உங்கள் வண்டியில் அந்தக் கப்ளிங் வலது பக்கம்தான் இருக்கிறதா?

கரிசல் உழவு:
இவ்வளவு சுற்றுவானேன்? சீல் விலை சில நூறு ரூபாய். வெளியே நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து ஒரே நாளில் மாற்றி முடித்துவிடலாம். ஷோரூமில் வண்டியை விட்டால் ஒரு வாரம் நிறுத்திவிடுவார்கள். உழவு நேரத்தில் ஒரு வாரம் வண்டி இல்லாமல் இருப்பதன் நஷ்டம் சீல் விலையைவிடப் பத்து மடங்கு.

சித்தோடு பட்டறை:
கரிசல் அண்ணா சொல்கிற நஷ்டக் கணக்கு உண்மைதான். ஆனால் இந்த வண்டிக்கு அது பொருந்தாது. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளி ஆள் கவரைக் கழற்றினால், நாளைக்குப் பம்ப் போனாலும் ‘வெளியில் பிரித்திருக்கிறீர்கள்’ என்று கை கழுவிவிடுவார்கள். பம்ப் விலை சில நூறு ரூபாய் இல்லை. பட்டறை வைத்திருக்கிற நானே சொல்கிறேன், வாரண்டி முடியும்வரை எங்களைப் போன்றவர்களிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. மாற்றிப் போட்ட சீலே இரண்டு முறை போயிருக்கிறது. நல்ல சீல் இத்தனை சீக்கிரம் தானாகப் போகாது. ஷாஃப்டில் சீல் உதடு உட்காரும் இடத்தில் கீறல் இருக்கலாம். ஷாஃப்டைத் தாங்குகிற உலோக வளையமான புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடலாம். மாட்டும்போது ஷாஃப்ட் பல்லில் உரசி உதடு கிழிந்திருக்கலாம், கோணலாக அடித்திருக்கலாம். ஆவி போகிற பிரீதர் அடைத்துப் பெட்டிக்குள் காற்றழுத்தம் ஏறியிருக்கலாம். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். இதில் எதையும் பார்க்காமல் புதுச் சீல் அடித்தால் அதுவும் ஒழுகத்தான் செய்யும்.

கேஸ்கட் பேஸ்ட்டை அள்ளிப் பூசி அடைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அதை விடவே விடாதீர்கள். உள்பக்கம் பிதுங்கின பேஸ்ட் காய்ந்து உதிர்ந்து, பம்புக்குப் போகிற சல்லடையை அடைக்கும். கசிவு நின்று லிப்ட் ஏறாமல் போகும்.

மன்னார்குடி சேற்றுழவு:
எங்கள் ஊரில் வண்டி பாதி நாள் சேற்றுக்குள்தான். டெல்டா அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: ஆயில் வெளியே வருகிற வழியில் தண்ணீர் உள்ளே போகும். அதனால் எவ்வளவு ஒழுகுகிறது என்பதோடு நின்றுவிடாமல், உள்ளே இருக்கிற ஆயில் என்ன நிறத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டிகளில் கியர், டிஃபரன்ஷியல், லிப்ட் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஆயில்தான். லிப்டோடு போகாது, பேரிங்கும் துருப்பிடிக்கும். நிறத்தில் சந்தேகம் என்றால் ஒரு சொட்டைச் சூடான தகரத்தில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது.

பிரஷர் பம்ப் வைத்து வாட்டர் வாஷ் பண்ணுகிறவர்கள் சீல், பிரீதர் பக்கம் நேராக அடிக்கக் கூடாது. சேறு போகிறதே என்று அடிப்போம், தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். நாங்கள் வாய்க்கால் தண்ணீரை ஊற்றி ஊறவைத்துப் பிரஷ் போடுவதோடு சரி. பின் அச்சிலும், கருவியைச் சுழற்றுகிற பிடிஓ ஷாஃப்டிலும் வைக்கோல், சணல் கயிறு சுற்றியிருக்கிறதா என்று சாயங்காலமே பார்த்துவிடுவோம். சுற்றின கயிறு சீலுக்குள் அறுத்துக்கொண்டு போகும்.

தம்பி, உங்கள் காட்டில் சேற்றுழவு உண்டா? இல்லை என்றால் அதைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த காரணமாக அவர்கள் அதைத்தான் எடுப்பார்கள்.

உழவுப்பொறி:
வேளாண் பொறியியல் படித்தவன், இப்போது சொந்தமாகத் தென்னை. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

வெளியே தெரிகிற கசிவு ஒன்று, உள்ளேயே நடக்கிற கசிவு இன்னொன்று. ரோட்டவேட்டரைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, கை நிற்கிற உயரத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். (கருவிக்குக் கீழே யாரும் போகக் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.) கொஞ்சம் இறங்குவது இயல்பு. கண்ணெதிரே சரசரவென்று இறங்கினால் சிலிண்டர் பிஸ்டனின் சீல் அல்லது கண்ட்ரோல் வால்வு உள்ளே விட்டுக்கொடுக்கிறது. தரையில் ஒரு சொட்டும் இருக்காது, ஆனால் கோளாறு பெரியது. மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கிற மத்திய அரசின் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதிக்கும்போது இதே மாதிரி 30 நிமிடம் பாரத்தை நிறுத்தி வைத்து, ஐந்து ஐந்து நிமிடமாக இறக்கத்தை அளக்கிறது. உங்கள் மாடலுக்கு அந்த அறிக்கை இருந்தால் டீலரிடம் கேளுங்கள். எவ்வளவு எடை தூக்கும் என்பதும் அதில் இருக்கும். ரோட்டவேட்டர் எடையை அதோடு ஒப்பிட்டால் ‘வெயிட் அதிகம்’ என்ற வாதத்துக்கு எண்ணிலேயே பதில் சொல்லிவிடலாம்.

கசிவில் மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. பம்ப் உறிஞ்சுகிற பக்கத்து மூட்டு தளர்ந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஆயில் நுரைக்கும், பம்ப் ஊளையிடும், லிப்ட் குலுங்கிக் குலுங்கி ஏறும். அப்படி ஏதும் இருக்கிறதா?

இரண்டாவது விஷயம், ஆயில். குறைந்த ஆயிலுக்கு எதை ஊற்றினார்கள் என்று கேட்டீர்களா? கையேட்டில் சொன்ன டிரான்ஸ்மிஷன்-ஹைட்ராலிக் ஆயில்தான் போக வேண்டும். அவசரத்துக்குக் கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றுகிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. செய்த வேலையை எழுதித் தருகிற ஜாப் கார்டில் ஆயில் பெயரையும் எத்தனை லிட்டர் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

கோபி வாழைக்காடு:
எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணா சொன்னபடியே பவுடர் போட்டுப் பார்த்தேன்.

பைப் மூட்டு எதிலும் ஈரம் இல்லை. ஒட்டன்சத்திரம் அக்கா கேட்ட கப்ளிங் இடது பக்கம் இருக்கிறது, அதுவும் காய்ந்தே இருந்தது. சும்மா ஓடியபோது எங்கும் நனையவில்லை. ரோட்டவேட்டரை ஏற்றி இறக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வலது கை ஷாஃப்டைச் சுற்றி, கீழ்ப்பக்கம் மட்டும் பிறை போல நனைந்தது. மேல்பக்கம் பவுடர் அப்படியே இருக்கிறது. வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறேன், மீட்டரும் அதில் தெரிகிறது.

லிப்ட் இறக்கமும் பார்த்தேன். அரை மணி நேரத்தில் விரல் கடை அளவுகூட இறங்கவில்லை. சத்தம், நுரை இல்லை. ஆயில் தேன் நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. லெவலும் கோட்டுக்குள்தான். சேற்றுழவு எங்களிடம் கிடையாது, பாத்தி கட்டுவது, களைக்கு ரோட்டவேட்டர், டிரெய்லரில் வாழைத்தார் ஏற்றுவது மட்டும்தான்.

ஷோரூமில் போன் பண்ணினால் ‘சீல் ஸ்டாக் இல்லை, வந்ததும் சொல்கிறோம்’ என்கிறார்கள்.

சித்தோடு பட்டறை:
கீழ்ப்பக்கம் மட்டும் நனைவது நல்ல தடயம். ரோட்டவேட்டரை மாட்டாமல், கைகளைச் சும்மா கீழே விட்டு, கை முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இடது கையையும் அதே மாதிரி அசையுங்கள். வலது பக்கம் ஷாஃப்ட் சீலுக்குள்ளேயே அசைவது தெரிந்தால் புஷ் இடம் கொடுத்துவிட்டது. ஷாஃப்ட் ஒரு பக்கமாக அமுங்கும்போது எதிர்ப்பக்கத்தில் சீல் உதடு விலகும், அந்த இடைவெளியில் ஆயில் வரும். 400 மணி நேரத்தில் புஷ் தேய்கிறது என்றால் அது ரப்பர் பொருளின் தேய்மானம் கிடையாது. உலோக பாகத்தின் குறை, தயாரிப்பு அல்லது பொருத்தலில் வந்தது. அதற்கு வாரண்டி உண்டு. சீல் அதன் விளைவாகப் போனது.

ஷோரூம் ஆளிடம் ‘சீல் மாற்றுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘சீல் திரும்பத் திரும்ப ஏன் போகிறது என்று பாருங்கள், ஷாஃப்டையும் புஷ்ஷையும் அளந்து ஜாப் கார்டில் எழுதுங்கள்’ என்று கேளுங்கள். நீங்கள் கேட்பது எதுவோ அதுதான் கார்டில் ஏறும்.

கோபி வாழைக்காடு:
அசைத்துப் பார்த்தேன் அண்ணா. வலது பக்கம் ஆட்டம் தெரிகிறது, இடது பக்கம் இல்லை.

நுகர்வோர் பக்கம்:
சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். இனி எதையும் போனில் மட்டும் பேசாதீர்கள். டீலருக்கும், வாரண்டிப் புத்தகத்தில் இருக்கிற கம்பெனி முகவரிக்கும் ஒரே கடிதத்தை மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். சேஸிஸ் எண், வாங்கிய தேதி, மீட்டர், முதல் தடவை கசிவைச் சொன்ன ஜாப் கார்டு, பில், உங்கள் வீடியோ, கையில் தெரிகிற ஆட்டம் எல்லாம் அதில் வரட்டும். முக்கியமாக, குறை வாரண்டிக் காலத்துக்குள் சொல்லப்பட்டது, இன்னும் தீரவில்லை என்ற வாக்கியம் இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டே போய் ‘வாரண்டி முடிந்துவிட்டது’ என்று சொல்ல அப்போது இடம் இருக்காது.

வாரண்டிப் புத்தகத்தில் விலக்கு என்று போட்டிருக்கிற பகுதியை வரி விடாமல் படியுங்கள். ‘இயல்பான தேய்மானத்தால்’ ரப்பர் பொருட்கள் மாற்றப்பட்டால் வராது என்று இருந்தால், வேறு பாகத்தின் குறையால் கெட்ட சீலுக்கு அது பொருந்தாது என்று வாதாடலாம்.

பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், புகாரைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். கட்டணம் கிடையாது. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி இருக்கிற ஊருக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். குறை இருக்கிறதா என்று கண்டறியச் சோதனை தேவைப்பட்டால் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

‘டிராக்டர் வணிகத்துக்கான பொருள், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கும். சுயதொழிலாகச் சொந்தப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. சொந்தக் காட்டு வேலைக்கு வாங்கினீர்கள் என்பதைக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

கரிசல் உழவு:
ஆணையம் வரைக்கும் போனால் மாசக் கணக்கில் இழுக்கும். ஆனால் கடிதம் எழுதச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில் போனால்தான் கம்பெனி ஆள் நேரில் வருவார்.

கோபி வாழைக்காடு:
கடிதம் போன பிறகு கம்பெனியின் சர்வீஸ் பொறுப்பாளர் ஷோரூம் மெக்கானிக்கோடு காட்டுக்கே வந்தார். வீடியோவைப் பார்த்ததும் சீல் பேச்சை விட்டுவிட்டு நேராகக் கையைப் பிடித்து அசைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, ‘ஷோரூமுக்கு எடுத்து வாருங்கள், பிரித்துப் பார்த்துவிடுவோம்’ என்றார். பிரிக்கும்போது நானும் கூடவே நின்றேன்.

வலது புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்டில் சீல் உட்காருகிற இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு. நகத்தால் இழுத்தால் தட்டுகிறது. அவரே என் கையைப் பிடித்து அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார், நேர்மையான மனிதர். புஷ் முதலிலிருந்தே சரியாக உட்காரவில்லை என்று கார்டில் எழுதினார். ஷாஃப்ட், இரண்டு பக்க புஷ், இரண்டு சீல், கவர் கேஸ்கட் எல்லாம் வாரண்டியில் போட்டார்கள். பாகம் வர நாளானது. அதுவரை வாழைக்கு அண்டை எடுக்கப் பக்கத்துக் காட்டு வண்டியை வாடகைக்குப் பிடித்தோம், அந்தச் செலவு நம் தலையில்தான்.

ஆயிலுக்கு மட்டும் பில் போட வந்தார்கள், நுகர்பொருள் என்று. வாரண்டி வேலைக்காக நீங்கள் வடித்த ஆயில், நான் மாற்றச் சொன்னது இல்லை என்றேன். கொஞ்ச நேரப் பேச்சுக்குப் பிறகு அதையும் கிளெய்மில் சேர்த்தார்கள். முன்பு நான் கட்டின சீல் பணம் இன்னும் வரவில்லை. புஷ் குறையால்தான் சீல் போனது என்று அவர்களே எழுதின கார்டை இணைத்து மெயில் போட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம்: புதிதாகப் போட்ட ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இன்றிலிருந்து இரண்டு வருடம் வாரண்டியா?

நுகர்வோர் பக்கம்:
பொதுவாக இல்லை. மாற்றிய பாகத்துக்கு வண்டியின் மீதி வாரண்டிக் காலம் மட்டும்தான் என்று பெரும்பாலான புத்தகங்களில் இருக்கும். உங்கள் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு தடவை முழுதாகச் சோதித்துக் கார்டு வாங்கிவிடுங்கள்.

சித்தோடு பட்டறை:
கவர் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார்களா, கைக்கணக்கிலா? 50 மணி நேரம் ஓடின பிறகு அதே பவுடர் சோதனையை இரண்டு பக்கமும் செய்யுங்கள். பிரித்த வண்டியில் கேஸ்கட் ஓரத்தில் ஈரம் வந்தால் அப்போதுதான் தெரியும்.

கோபி வாழைக்காடு:
டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கினார்கள் அண்ணா, பார்த்தேன். இதுவரை இரண்டு பக்கமும் காய்ந்தே இருக்கிறது. 50 மணி நேரம் ஆனதும் பவுடர் போட்டுப் பார்த்து எழுதுகிறேன். சீல் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அதையும் இங்கே சொல்கிறேன்.